திமிரியில் கேட்ட இருமல்கள்

ஒரு மாதத்துக்கு மேலாக இருமிக்கொண்டிருக்கும் குழந்தையொன்று, காய்ச்சலும் இளைப்பும் இன்றிப் பகலெல்லாம் தெருவில் ஓடியாடிக்கொண்டும், இரவெல்லாம் வீட்டாரை உறங்கவிடாமலும் இருக்குமாயின், சிற்றூர் வைத்தியனுடைய பொறுமையை அதைப்போல் சோதிக்கும் விஷயம் வேறொன்றில்லை. காய்ச்சல் ஏறும், இறங்கும். பேதி இரண்டு நாளில் ஏதேனும் ஒரு முடிவைச் சொல்லிவிடும். இருமலோ காரணத்தையும் சொல்லாது, போகவும் போகாது. ஆற்காட்டிலிருந்து ஆரணிக்குப் போகும் சாலையில் உள்ள திமிரியில், கடிதங்களில் வட ஆற்காடு ஜில்லா என்று விலாசம் எழுதிய காலத்தில் பலகை மாட்டியவன் நான். ஊர் வேலூர் மாவட்டத்தில் இருந்து, 2019இல் ராணிப்பேட்டை மாவட்டத்துக்குப் போன பின்னும் அதே அறையில் அமர்ந்து வருகிறேன். இந்தக் காலமெல்லாம் கவனித்ததில் எனக்கு ஏற்பட்ட அபிப்பிராயம் ஒன்று உண்டு. காரணம் தெரியாத இருமலுக்கு எந்த மருந்து புதிதாகக் கைக்கு எட்டுகிறதோ, அந்த மருந்துக்குரிய வியாதியே அந்தப் பத்தாண்டில் எல்லாக் குழந்தைகளுக்கும் இருப்பதாகத் தோன்றத் தொடங்கிவிடுகிறது. பரிகாசத்துக்காக இதைச் சொல்லவில்லை. மருந்து கையில் உள்ளவன் நோயைத் தேடுவது மனித சுபாவம்.

நான் வந்து சேர்ந்த எழுபதுகளின் நடுவில் அந்த வியாதி ஈசனோபிலியா. படித்தவர், படியாதவர் என்ற பேதமின்றி எல்லோர் நாவிலும் அது பழகியிருந்தது. ஆற்காட்டில் இரத்தம் கொடுத்துச் சீட்டு வாங்கி வந்த தகப்பன்மார், "பையனுக்குப் பன்னண்டு சார், போன வருஷம் பதினாலு இருந்திச்சி" என்று பட்டா எண்ணை ஒப்புவிப்பதுபோல் சதவீதத்தை ஒப்புவிப்பார்கள். இந்த வியாதிக்கும் எங்கள் பிரதேசத்துக்கும் உள்ள சம்பந்தம் சரித்திர பூர்வமானது. மதனப்பள்ளிக்கு அருகில் ஆரோக்கியவரத்தில் இருந்த க்ஷயரோக சானடோரியத்தில், டென்மார்க் தேசத்தவரான ஃப்ரிமோட் மோலர் என்ற வைத்தியரும் பார்ட்டன் என்பவரும், க்ஷயமென்று கருதப்பட்ட சிலரின் இரத்தத்தில் ஈசனோபில் என்னும் வெள்ளணுக்கள் அளவுக்கு மிஞ்சியிருப்பதையும், அவர்களுக்கு உண்மையில் க்ஷயம் இல்லை என்பதையும் கண்டு, 1940இல் அதனைப் பற்றி எழுதினார்கள். 1943இல் வைங்கார்ட்டன் என்பவர் அதற்கு டிராபிக்கல் ஈசனோபிலியா என்று நாமகரணம் செய்ததோடு, மேகநோய்க்காகப் போட்ட ஆர்ஸெனிக் ஊசியில் ஒருவருடைய மூச்சிரைப்பும் நின்றுபோனதைக் கண்டு, அதையே சிகிச்சையாகவும் ஆக்கிவிட்டார். யானைக்கால் நோயை உண்டாக்கும் ஃபைலேரியாப் புழுவின் நுண்குஞ்சுகளுக்கு நுரையீரல் காட்டும் அதீத எதிர்ப்பே இந்த இருமல் என்பது பிற்பாடு தெளிந்தது. ஐம்பதுகளின் இறுதியில் சிங்கப்பூரில் டி. ஜே. தனராஜும், 1959இல் வேலூர் கிறிஸ்துவ மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த பேக்கர் குழுவினரும் டைஎதில்கார்பமஸின் என்னும் மருந்தின் பலனை நிறுவிய பின், ஹெட்ரஸான் என்ற பெயரில் அது எங்கள் மேஜைகளுக்கு வந்தது. மூன்று வாரம் கொடுத்தால் போதும். ஆர்ஸெனிக்கின் அபாயம் இல்லை.

மெய்யான ஈசனோபிலியா எப்படி இருக்கும் என்பதை எனக்குக் காட்டியவன், சாக்கடை தேங்கி நின்ற ஒரு தெருவிலிருந்து வந்த பன்னிரண்டு வயதுப் பையன். பகலில் அவனுக்கு ஒன்றுமில்லை. நடுநிசிக்குப் பின் எழுந்து உட்கார்ந்து, விடியும் வரை வறட்டு இருமலாக இருமுவான். உடம்பும் சற்று இளைத்திருந்தது. அவனுடைய இரத்தத்தில் வெள்ளணுக்களில் பாதிக்கு மேல் ஈசனோபில்கள். ஒரு கன மில்லிமீட்டருக்கு மூவாயிரம் என்ற எல்லையை எத்தனையோ மடங்கு தாண்டிய கணக்கு. மருந்து தொடங்கிய முதல் வாரத்துக்குள் அவன் இரவில் படுத்து உறங்கினான். அந்த ஆச்சரியத்தைக் கண்ணால் கண்டவர்கள் யாராயினும் அந்த மருந்தின் மீது பக்தி கொள்ளாமல் இருக்க முடியாது. அந்த பக்திதான் தொல்லையாகவும் ஆயிற்று. வெறுங்காலோடு வயலிலும் தோப்பிலும் திரிந்து, குடலில் நாக்குப்பூச்சியும் கொக்கிப்புழுவும் வைத்திருந்த எங்கள் குழந்தைகளுக்கு, பன்னிரண்டும் பதினாலும் சாதாரணமாக இருக்கக்கூடிய எண்களே. நாக்குப்பூச்சியின் குஞ்சுகள் குடலுக்குப் போகுமுன் நுரையீரல் வழியாகவே பிரயாணம் செய்கின்றன; அந்தப் பிரயாணத்தில் சில நாள் இருமல் வருவதும், தானே அடங்குவதும் உண்டு. ஆயினும் அவர்களெல்லாம் ஹெட்ரஸான் சாப்பிட்டார்கள். ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைக்கு மெய்யான டிராபிக்கல் ஈசனோபிலியா வருவது அபூர்வம் என்று நான் சொன்னால், "அப்பொ ரத்தத்தில் எழுதியிருக்கிறது பொய்யா?" என்று கேட்பார்கள்.

அதே காலத்தில், யாரும் பெயர் சொல்லத் தேவையில்லாத இருமல் ஒன்றும் இருந்தது. கக்குவானைத் தெருமுனையிலிருந்தே கண்டுகொள்ளலாம். இருமல் மேல் இருமலாக அடுக்கி வந்து, உள்ளிருந்த காற்றெல்லாம் தீர்ந்து, முகம் நீலம் பாய்ந்து, கண் பிதுங்கி, கடைசியில் தொண்டை கிழியும் ஓசையோடு மூச்சு உள்ளே போகும்; உடனே வாந்தி. வெள்ளை விழியில் இரத்தம் கட்டிய குழந்தைகளைத் தோளில் சார்த்திக்கொண்டு தாய்மார் திண்ணையில் வரிசையாக உட்கார்ந்திருந்த கோடைகள் எனக்கு நினைவிருக்கின்றன. எரித்ரோமைசினை ஆரம்பத்திலேயே கொடுத்தால்தான் சற்றுப் பலன். அந்த ஓசை கிளம்பிய பின் கொடுத்தால் மற்றவருக்குப் பரவுவது குறையுமே தவிர, இருமல் தன் ஆறு, எட்டு வார ஆயுளைப் பூர்த்தி செய்துவிட்டே போகும். கழுதையை ஓட்டிக்கொண்டு வந்து வீட்டு வாசலிலேயே கறந்து, ஒரு சங்களவு பாலைக் காசுக்கு விற்றுப் போனவர்கள் இந்த சூட்சுமத்தை நன்கு அறிந்திருக்க வேண்டும். ஆறாவது வாரத்தில் கழுதைப் பால் கொடுத்தவருக்குக் கீர்த்தியும், முதல் வாரத்தில் மருந்து கொடுத்தவனுக்கு அபகீர்த்தியும் கிடைப்பது வாடிக்கை. 1978இல் விரிவான தடுப்பூசித் திட்டம் இந்தியாவில் வந்ததும், 1985க்குப் பின் அது கிராமங்கள் தோறும் நர்சம்மாக்களின் ஐஸ் பெட்டியில் ஏறிப் போனதும், எனக்குத் தெரிந்த வரையில் எங்கள் பகுதிக் குழந்தைகளின் இருமலில் ஏற்பட்ட மிகப் பெரிய மாறுதல். இப்பொழுது என்னிடம் வரும் இளம் வைத்தியர்களில் பலர் அந்த ஓசையைக் கேட்டதே இல்லை. அதனால் ஒரு நஷ்டமும் உண்டு: தடுப்பூசியின் வலு தேய்ந்த பெரிய பிள்ளைகளுக்கு ஓசை இல்லாமல் வரும் கக்குவானை அவர்கள் அலர்ஜி என்று எழுதுகிறார்கள், அந்தப் பிள்ளை வீட்டில் இருக்கும் இரண்டு மாதக் கைக்குழந்தைக்கு அதைக் கொடுத்துவிடுகிறது, கைக்குழந்தையோ இருமுவதற்குப் பதில் மூச்சையே நிறுத்திக்கொள்கிறது.

எண்பதுகளில் க்ஷயத்துக்குரிய ரிஃபாம்பிசின் தாராளமாகக் கிடைக்கத் தொடங்கியது. அதைத் தொடர்ந்து, குழந்தைகளின் ஆரம்ப க்ஷயத்துக்குப் பெயரான பிரைமரி காம்ப்ளெக்ஸ் வந்தது. குழந்தைக்கு இருமல் ஒரு மாதம், கழுத்தில் பயறளவு நெறிகட்டு, பசியில்லை, எடை ஏறவில்லை, எக்ஸ்ரேயில் இருதயத்தின் ஓரத்தில் ஒரு நிழல். இவற்றுள் ஏதேனும் இரண்டு இருந்தால் ஆறு மாதம், சிலரிடம் ஒன்பது மாதம் மருந்து. க்ஷயம் என்று சொன்னால் பெண் கொடுக்கல் வாங்கலுக்கே பங்கம் வந்துவிடும் என்று அஞ்சிய குடும்பங்கள், பிரைமரி காம்ப்ளெக்ஸ் என்றால் மறுபேச்சின்றி ஏற்றுக்கொண்டன. எங்கள் தெருவில் ஒரு காலத்தில் வீட்டுக்கொரு பிள்ளைக்கு அந்த மருந்தால் சிறுநீர் செம்மஞ்சளாகப் போயிற்று என்றால் அது அதிக மிகையன்று. மருந்து உண்ட குழந்தைகளில் பெரும்பாலோர் தேறினார்கள் என்பதும் உண்மை. அந்த வயதில், ஆறு மாத காலத்தில், ஒன்றும் கொடாமலிருந்தாலும் பெரும்பாலான இருமல்கள் தேறியிருக்கும் என்பதை யார் போய் நிரூபிப்பது?

க்ஷயக் கிருமி தொற்றியிருக்கிறதா என்று பார்க்கும் மாண்டூ பரிசோதனையைச் செய்வதைவிடப் படிப்பதே கடினம். முன்கையில் தோலுக்குள் ஒரு துளி மருந்தைச் செலுத்தி, நாற்பத்தெட்டு மணிக்கு மேல் எழுபத்திரண்டுக்குள் பார்க்க வேண்டும். பையன் அதைச் சொறிந்து சொறிந்து உள்ளங்கையகலம் சிவக்க வைத்துக்கொண்டு வருவான். அந்தச் சிவப்பை ஸ்கேலால் அளந்து இருபது மில்லிமீட்டர் என்று எழுதியனுப்பிய சீட்டுகளை நான் எத்தனையோ பார்த்திருக்கிறேன். அளக்க வேண்டியது சிவப்பை அல்ல, அடியில் உள்ள தடிப்பை. ஒரு பால்பாயிண்ட் பேனாவைத் தோலின் மேல் லேசாக அழுத்தி, வெளியிலிருந்து தடிப்பை நோக்கி மெதுவாகக் கோடு இழுத்து வந்தால், தடிப்பின் விளிம்பில் பேனா தானாக இடறி நின்றுவிடும். எதிர்ப்பக்கத்திலிருந்தும் அவ்வாறே இழுத்து, இரண்டு கோடுகளும் நின்ற இடங்களுக்கு நடுவே அளக்க வேண்டும். இருபது என்று வந்த கை இவ்வாறு அளந்தால் ஏழு, எட்டு என்று வரும். பின்னர் இரத்தத்திலேயே க்ஷயத்தைக் கண்டுபிடிப்பதாகச் சொல்லிக்கொண்டு ஐஜிஜி, ஐஜிஎம் என்ற பரிசோதனைகள் கிளம்பின. அவை நம்பத்தகாதவை என்று மத்திய அரசே 2012இல் தடை செய்யும் வரை, அவற்றின் பெயரால் மருந்து தின்ற குழந்தைகள் எத்தனை பேரோ.

இதனால் க்ஷயமே குழந்தைகளுக்கு வருவதில்லை என்று எண்ணிவிடலாகாது. கலவைப் பக்கத்துக் கிராமமொன்றிலிருந்து நான்கு வயதுப் பெண் குழந்தையை அவள் பாட்டி தூக்கிக்கொண்டு வந்தாள். இருமலோடு மாலைக் காய்ச்சலும் மெலிவும் இருந்தன. வீட்டில் வேறு யாராவது இருமுகிறார்களா என்று வழக்கமாகக் கேட்கும் கேள்வியைக் கேட்டேன். "யாரும் இல்ல ஐயா" என்றாள். யாருமே இல்லையா என்று மறுபடி கேட்டதற்கு, "அவுங்க தாத்தா இருமுவாரு, அது பீடி இருமலு, அது எப்பவும் கீறதுதானே" என்றாள். குழந்தை யார் பக்கத்தில் படுக்கிறாள் என்று கேட்டேன். தாத்தா பக்கத்தில்தான், அவர் கதை சொன்னால்தான் தூக்கம் வரும் என்றாள். மறுநாள் தாத்தாவைச் சளியோடு வரச் செய்து பார்த்ததில் கிருமி நிறைய இருந்தது. சிறு குழந்தையின் க்ஷயம் பெரும்பாலும் பிறருக்குத் தொற்றாது. அது யாரோ ஒரு பெரியவரிடமிருந்து வாங்கப்பட்டதாகவே இருக்கும். ஆகவே குழந்தையின் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்ப்பதைக் காட்டிலும், வீட்டில் யார் யார் எங்கே படுக்கிறார்கள் என்று ஒரு காகிதத்தில் எழுதிக்கொள்வது அதிகப் பயனளிக்கும். வீட்டிலிருந்தே மருந்து உண்டால் சானடோரியத்தில் கிடைக்கும் அதே குணம் கிடைக்கும் என்று சென்னையில் 1956இல் தொடங்கிய கீமோதெரபி நிலையத்தார் நிரூபித்திருந்தபடியால், தாத்தாவை எங்கும் அனுப்ப வேண்டியிருக்கவில்லை. கதை சொல்வதை மட்டும் சில காலம் திண்ணையிலிருந்து சொல்லும்படி ஏற்பாடு செய்தோம். இருவரும் குணமடைந்தார்கள்.

தொண்ணூறுகளில் முறை மாறியது. அதுவரை இளைப்பு என்று சொல்லாமலும், சொல்ல விடாமலும் இருந்த வியாதிக்கு வீசிங் என்ற கௌரவமான பெயர் வந்தது. "ஆஸ்துமான்னு மட்டும் சீட்டுல எழுதிடாதீங்க சார், பொட்டப் புள்ள" என்று கெஞ்சிய தாய்மாரும், வீசிங் என்றால் தலையை ஆட்டினார்கள். மூச்சிரைக்காமல், விசில் சத்தமும் கேட்காமல், இரவின் பின்பகுதியிலும் ஓடியாடியபின்பும் மட்டும் வறட்டு இருமலாக வெளிப்படும் ஆஸ்துமா ஒன்று உண்டு என்பதை நாங்களும் மெல்லத்தான் கற்றுக்கொண்டோம். முன்பெல்லாம் தியோஃபிலின் சிரப்பும், டெரிஃபிலின் ஊசியும், அவற்றால் வரும் படபடப்பும் வாந்தியும். ஆண்டுதோறும் மிருகசீரிட நாளில் ஹைதராபாத்துக்கு ரயிலேறிப் போய், உயிருள்ள மீனின் வாயில் மருந்தை வைத்து விழுங்கிவிட்டு வரும் குடும்பங்களும் எங்கள் பக்கத்தில் உண்டு. சால்புட்டமாலும் ஸ்டீராய்டும் இழுக்கும் மருந்தாக வந்தபோது அதற்கிருந்த எதிர்ப்பு சொல்லி முடியாது. இன்ஹேலர் என்றால் கடைசி மருந்து, பிடித்தால் விடாது, பழக்கமாகிவிடும் என்ற எண்ணம் இன்றும் போகவில்லை. வாயால் சிரப்பாகக் கொடுக்கும் மருந்தில் ஒரு சிறு பங்கே இன்ஹேலரில் போகிறது என்று விளக்கினாலும், புட்டியைக் கண்ட திருப்தி அவர்களுக்கு இதில் ஏற்படுவதில்லை.

சிறு குழந்தைகளால் இன்ஹேலரை நேராக இழுக்க முடியாது. ஸ்பேசர் என்னும் குழாய் வேண்டும். அது அந்நாளில் ஒரு தோல் தொழிற்சாலைக் கூலியாளின் இரண்டு மூன்று நாள் சம்பளம். தென்னாப்பிரிக்காவில் கேப்டவுன் நகரத்துக் குழந்தை வைத்தியர் ஹெதர் சார் என்ற அம்மையார், அரை லிட்டர் பிளாஸ்டிக் பாட்டிலே இந்தக் காரியத்தைச் செவ்வையாகச் செய்யும் என்று 1999இல் பரீட்சித்துக் காட்டினார். அதைப் படித்த பின் என் கம்பவுண்டர் அதில் ஒரு கைத்திறனே அடைந்துவிட்டார். இன்ஹேலரின் வாய் எந்த வடிவமோ அந்த வடிவத்துக்குக் கம்பியை வளைத்து, பம்ப் ஸ்டவ்வில் பழுக்கக் காய்ச்சி, காலிப் பாட்டிலின் அடிப்பாகத்தில் வைத்து அழுத்துவார். பிளாஸ்டிக் உருகி அச்சாகத் துளை விழும். இன்ஹேலர் அதில் காற்று கசியாமல் இறுகப் பொருந்த வேண்டும். ஓரம் கிழிந்தால் பாட்டிலைத் தூக்கிப் போட்டுவிட்டு வேறொன்று எடுப்பார். முதலில் இரண்டு மூன்று முறை மருந்தை வெறுமனே உள்ளே அடித்து, பாட்டிலின் உட்சுவர் மருந்தைத் தன்மேல் ஒட்ட வைத்துக்கொள்ளும் குணத்தைப் போக்கிவிட்டு, பிறகு பாட்டிலின் வாயைக் குழந்தையின் வாயில் வைத்து நாலைந்து மூச்சு விடச் செய்வோம். ஜூஸ் பாட்டில் என்றால் குழந்தைகள் பயமின்றி வாயில் வைத்தார்கள். வெள்ளைக் குழாயைக் கண்டு அழுத பெண்ணொருத்தி, மாம்பழ ஜூஸ் பாட்டிலைக் கேட்டு வாங்கிக்கொண்டு போனாள்.

வீசிங்கும் பிற்பாடு அளவு மீறத் தொடங்கியது. தெருவுக்கொரு நெபுலைசர் வந்து, மூக்கொழுகும் குழந்தைக்கெல்லாம் புகை பிடிக்க வைக்கும் நிலையை இப்பொழுது பார்க்கிறேன். நாற்பது நாளாகச் சளியோடு, கரகரவென்று ஈரமாக இருமும் குழந்தைக்கு அது பயனற்றது. அத்தகைய ஈர இருமல் பல சமயம் மூச்சுக்குழாய்களில் பாக்டீரியா நிலைத்துப்போவதால் வருவது என்று ஆஸ்திரேலியாவில் பிரிஸ்பேன் நகரத்து வைத்தியர்கள் 2006இல் விளக்கினார்கள். அமாக்ஸிசிலினும் கிளாவுலனிக் அமிலமும் சேர்ந்த மருந்தை ஐந்து நாளோடு நிறுத்தாமல் இரண்டு வாரம் கொடுத்தால் சரியாகும். ஈரமா, வறட்சியா என்று காதால் கேட்டுச் சொல்வதற்குக் கருவி எதுவும் தேவையில்லை.

தோல் தொழிற்சாலைகளைப் பற்றிச் சொல்லாமல் இந்தப் பிரதேசத்து இருமலைப் பற்றி எழுதினால் யாரும் நம்பமாட்டார்கள். பாலாற்றின் கதியைப் பற்றி வேலூர் குடிமக்கள் நல மன்றத்தார் தொடுத்த வழக்கில் 1996இல் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்த பிறகு, எந்தக் குழந்தை இருமினாலும் காரணம் ராணிப்பேட்டைக் காற்று என்று சொல்லுவது எளிதாகிவிட்டது. ஊறல் தொட்டிகளின் அருகில் குடியிருப்போருக்கு அது நியாயமான சந்தேகமே. திமிரியோ பாலாற்றுக்குத் தெற்கே எட்டத்தில் இருக்கிறது. எங்கள் குழந்தைகளின் நுரையீரலுக்கு அருகில் இருந்த புகை அடுப்படியில்தான் இருந்தது. புகைபோக்கி இல்லாத தாழ்ந்த கூரையின் கீழ், சவுக்கு விறகும் மல்லாட்டை என்று நாங்கள் சொல்லும் நிலக்கடலையின் தொலியும் எருமுட்டையும் எரிய, இடுப்பில் குழந்தையை வைத்துக்கொண்டே களி கிண்டிய தாய்மாரிடம், காற்று கெட்டுவிட்டது என்று வடக்கே கையைக் காட்டுவதில் பொருளில்லை. 2007 முதல் தமிழ்நாட்டு அரசு இலவச எரிவாயு அடுப்புக் கொடுத்ததும், அது வெகு நாள் பரணில் ஏறியிருந்து, பிறகு மெல்ல இறங்கி வந்து புழக்கத்துக்கு வந்ததும் என் அறைக்கு வரும் கைக்குழந்தைகளின் எண்ணிக்கையில் தெரிந்தது.

தோல் வேறு வழியாக வீட்டுக்குள் நுழைந்தது. ஷூ கம்பெனிகளின் வேன்கள் விடியற்காலையில் வந்து எங்கள் ஊர்ப் பெண்களை ஏற்றிக்கொண்டு போகத் தொடங்கிய பின், வேலைக்குப் போக இயலாத சிலர் வீட்டிலேயே அப்பர் தைத்துக் கொடுக்கும் வழக்கமும் பரவிற்று. ஆம்பூரிலிருந்து தாய்வீடு வந்திருந்த ஒரு பெண்ணின் ஆறு வயதுக் குழந்தைக்கு மாதக்கணக்கில் இருமல். எக்ஸ்ரே, மாண்டூ, ஈசனோபில் என எல்லாம் ஆகி, எல்லாம் சரியாகவே இருந்தன. திமிரிக்கு வந்த ஐந்தாறு நாளில் இருமல் தானாகக் குறைந்துவிட்டதாகவும், ஊர் மாற்றம் ஒத்துக்கொண்டதாகவும் அவள் சொன்னாள். ஆம்பூரில் வீட்டில் என்ன வேலை நடக்கிறது என்று விசாரித்ததில், மாமியாரும் நாத்தியும் ஒரே அறைக்குள் சொல்யூஷன் டின்னைத் திறந்து வைத்துக்கொண்டு ஒட்டு வேலை செய்வதும், இரவில் அந்த அறையிலேயே எல்லோரும் படுப்பதும் தெரிந்தது. "வாடை பழகிப்போச்சி சார், எங்களுக்குத் தெரியறதே இல்ல" என்றாள். கூலியை விடச் சொல்ல எனக்கு அதிகாரமில்லை. டின்னையும் வேலையையும் வெளித் தாழ்வாரத்துக்கு மாற்றும்படி மட்டும் சொன்னேன். மாமியாரைச் சம்மதிக்க வைக்க, சொல்யூஷன் வாடையில் குழந்தையைப் படுக்க வைக்கக்கூடாது என்று என் லெட்டர்பேடில் எழுதிக் கையெழுத்திட்டுத் தரும்படி கேட்டு வாங்கிப் போனாள். அதுவும் ஒரு மருந்துச் சீட்டுத்தான். அடுத்த பொங்கலுக்கு வந்தபோது குழந்தைக்கு இருமல் இல்லை.

மல்லாட்டை பறிக்கும் காலத்தில் வரும் இருமலை நான் தனியாகவே எண்ணுவேன். எங்கள் பக்கத்து மானாவாரி நிலமெல்லாம் மல்லாட்டைதான். களத்துமேட்டில் பெண்கள் செடியிலிருந்து காயை ஆய்ந்துகொண்டிருக்க, தவழும் குழந்தையும் ஓடும் குழந்தையும் அங்கேயே வளரும். ஒன்றரை வயதுப் பையன் ஒருவனை மூன்று வாரத்து இருமலுக்குப் பிறகு கொண்டுவந்தார்கள். ஏற்கெனவே இரண்டு இடத்தில் நெபுலைசரும், ஓரிடத்தில் க்ஷய மருந்தின் ஆரம்பமும் ஆகியிருந்தது. ஸ்டெதஸ்கோப்பை இடப்பக்கம் வைத்தால் மூச்சு நன்றாகப் போய் வந்தது. வலப்பக்கம் வைத்தால் தூரத்தில் எங்கோ கேட்பதுபோல் தணிந்து, நடுவில் ஒரே ஸ்வரத்தில் ஒரு விசில். ஆஸ்துமாவாயின் இரண்டு பக்கமும் பல ஸ்வரங்களில் கேட்கும். இருமல் எப்பொழுது ஆரம்பித்தது என்று நான் கேட்கவில்லை. ஆரம்பித்த நிமிஷத்தில் குழந்தை என்ன செய்துகொண்டிருந்தது என்று கேட்டேன். நல்ல இருமலுக்கு நாள்தான் சொல்வார்கள்; நிமிஷம் சொல்ல முடிந்தால் அது வேறு ஜாதி இருமல். தாய் விழித்தாள். உடன் வந்திருந்த எட்டு வயது அக்காள்தான், "களத்துல சிரிச்சிகினே ஓடியாந்தான், நான் தொரத்தினேன், அப்போ பொறையேறிச்சி" என்றாள். வாயில் என்ன இருந்தது என்று அவளுக்கும் தெரியாது. எக்ஸ்ரேயில் மல்லாட்டைப் பருப்புத் தெரியாது. அது அடைத்த பக்கத்து நுரையீரல் காற்றை வெளிவிட முடியாமல் உப்பியிருப்பது மட்டும், மூச்சை வெளிவிட்ட நிலையில் எடுத்த படத்தில் தெரியும். அன்றிரவே வேலூருக்கு அனுப்பினோம். மூச்சுக்குழாய்க்குள் குழாயைச் செலுத்திப் பாதிப் பருப்பொன்றை எடுத்தார்கள். ஈரத்தில் ஊறிப் பருத்து, அதன் எண்ணெயால் சுற்றிலும் புண்ணாகி இருந்ததாம். மூன்றாம் நாள் திரும்பி வந்தான். கடைவாய்ப் பல் முளைத்துத் திடமாக அரைக்கும் நாலைந்து வயது வரையில் முழுப் பருப்புக் கொடாதீர்கள் என்று அன்று முதல் பறிப்புக் காலத்தில் எல்லோரிடமும் சொல்லி வருகிறேன். சீத்தாப்பழக் கொட்டையும் புளியங்கொட்டையும் இப்படித்தான். களத்துமேட்டில் வேலை செய்பவளிடம் குழந்தையை எங்கே விட்டு வா என்று சொல்வது என்பதற்கு மட்டும் என்னிடம் விடையில்லை.

வேறு விதமானதும் உண்டு. பத்தாம் வகுப்புப் பரீட்சைக்கு முன், வாத்து கத்துவதுபோன்ற ஒலியில், நிமிஷத்துக்கு நாலு முறை இருமிக்கொண்டு, வகுப்பிலிருந்து திருப்பி அனுப்பப்பட்டு வரும் பிள்ளைகள். தூக்கத்தில் இருமுகிறாளா என்ற ஒரு கேள்வியே போதும். இல்லையென்றால் பெரும்பாலும் நுரையீரலைத் தேட வேண்டியதில்லை. அவர்கள் நடிப்பதாகப் பெற்றோர் அதட்டுவதுதான் அவர்களுக்குச் செய்யப்படும் பெரிய அநியாயம்.

சிரப்பைப் பற்றிச் சொல்ல வேண்டியிருக்கிறது. நான் தொழிலுக்கு வந்த நாள் முதல், மருந்துக் கம்பெனிப் பிரதிநிதிகள் கொண்டுவந்த இருமல் சிரப்புகளின் நிறம் மாறியதே ஒழியக் குணம் அதிகம் மாறவில்லை. ஆடாதோடையில் உள்ள வாசிசின் என்னும் சத்தைப் பின்பற்றிச் செய்ததுதான் ப்ரோம்ஹெக்ஸின். எங்கள் கிழவிகள் வேலியோரத்தில் பறித்துக் கஷாயம் வைத்ததன் தூரத்து உறவினர் புட்டியில் வந்தார், அவ்வளவே. சிரப்பு பயனற்றதாக மட்டும் இருந்திருந்தால் நான் இவ்வளவு கவலைப்படமாட்டேன். திரவ மருந்துகளில் சேரும் கிளைக்காலுக்குப் பதிலாகத் தொழிற்சாலைகளில் பயன்படும் டைஎதிலீன் கிளைக்கால் கலந்து சிறுநீரகத்தைக் கெடுப்பது, 1937இல் அமெரிக்காவில் நூற்றுக்கு மேற்பட்டவரைக் கொன்ற பழைய விபத்து. 1972இல் சென்னையிலும் அதனால் குழந்தைகள் இறந்தார்கள். 2022இல் ஆப்பிரிக்காவின் காம்பியா தேசத்தில் நம் நாட்டுச் சிரப்புகளைச் சம்பந்தப்படுத்தி அறுபதுக்கு மேற்பட்ட குழந்தைகளின் மரணம் பேசப்பட்டது. நான்கு வயதுக்குட்பட்டோருக்குக் குளோர்ஃபெனிரமினும் ஃபினைலெஃப்ரினும் சேர்ந்த ஜலதோஷ மருந்தைக் கொடாதீர் என்று 2023 டிசம்பரில் மத்திய மருந்துக் கட்டுப்பாட்டார் உத்தரவிட்டும், அந்தச் சேர்க்கையே உள்ள கோல்ட்ரிஃப் என்ற சிரப்பு, எங்களுக்கு அடுத்துள்ள காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாராகி மத்தியப் பிரதேசத்துச் சிந்த்வாராவுக்குப் போயிற்று. அங்கே இருபதுக்கும் மேற்பட்ட குழந்தைகள் இறந்தனர். 2025 அக்டோபர் தொடக்கத்தில் தமிழ்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டு இலாகாவினர் அதைச் சோதித்தபோது, டைஎதிலீன் கிளைக்கால் 48.6 சதவீதம் இருந்தது. அனுமதிக்கப்படும் அளவு 0.1 சதவீதம்.

அந்தச் செய்தி தொலைக்காட்சியில் வந்த வாரத்தில், இதுவரை நான் வேண்டாமென்று சொல்லியும் சிரப்பு கேட்ட தாய்மார், வீட்டிலிருந்த புட்டிகளையெல்லாம் கொண்டுவந்து மேஜையில் வைத்து எதை எறிவது என்று கேட்டார்கள். ஒரு வயது தாண்டிய குழந்தைக்கு இரவில் ஒரு கரண்டித் தேன் போதும் என்றபோது தர்க்கமின்றி ஏற்றுக்கொண்டார்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஜலதோஷம் அதிகமாக இருந்தும் அந்தச் சம்மதம் நீடித்தது. மார்கழிப் பனி இறங்கியதும் ஒருத்தி தன் இரண்டு வயது மகனைக் கொண்டுவந்தாள். நான்கே நாள் இருமல், நுரையீரல் சுத்தம், பையன் மேஜை மேலிருந்த டார்ச் விளக்கைப் பிடுங்கிக்கொண்டிருந்தான். ஒன்றும் வேண்டாம், ஒரு வாரம் பொறுத்துப் பாரம்மா என்றேன். அவள் சற்று நேரம் நின்றாள். "நீங்க எழுதித் தரலன்னா இன்னா சார், கடையில கேட்டா குடுக்கப் போறாங்க" என்று கோபமின்றியே சொல்லிவிட்டு, பையன் கையிலிருந்த டார்ச்சை வாங்கி என்னிடம் கொடுத்துவிட்டுப் போனாள்.